எட்டக்கூடிய உடற்பயிற்சி இலக்குகளும் உங்கள் உடம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்பயிற்சி தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் எடையில் தொடங்கும், கொஞ்ச நேரத்திலேயே "என் உடம்பு ஏன் இப்படி இருக்கிறது?" என்ற வருத்தத்தில் வந்து நிற்கும். இரண்டையும் பிரித்துப் பேச முடியாது என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, மூட்டு வலி உள்ளவர்கள் புதிதாக எதையும் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறைக்கலாம்?

மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு, வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை. அதுவும் ஆரம்ப மாதங்களில்தான். போகப் போக வேகம் குறையும். மொத்தமாகப் பார்த்தால், இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் ரத்தச் சர்க்கரையும் இறங்கத் தொடங்கிவிடும். 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ.

இதைச் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடும். "அவ்வளவுதானா?" என்பார்கள். 1997-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த ஏமாற்றத்தையே அளந்து பார்த்தது. உடல் பருமனுள்ள 60 பெண்களிடம் சிகிச்சை தொடங்குமுன் கேட்டார்கள்: எந்த எடை உங்கள் இலக்கு, எது வந்தால் பரவாயில்லை, எது வந்தால் ஏமாற்றம்? அவர்கள் சொன்ன இலக்கு, சராசரியாகத் தங்கள் எடையில் 32 சதவீதம் குறைவது. 17 கிலோ குறைந்தால் அது ஏமாற்றம்தான் என்றார்கள். 48 வாரங்களுக்குப் பிறகு சராசரியாக 16 கிலோ குறைந்திருந்தது. ஏறக்குறைய பாதிப் பேர், 'ஏமாற்றம்' என்று தாங்களே குறித்த எடையைக்கூட எட்டவில்லை.

16 கிலோ என்பது எவ்வளவு பெரிய மாற்றம்! முழங்கால், இதயம், தூக்கம் எல்லாவற்றுக்கும் அது பெரிய நிம்மதி. ஆனால் முதல் நாள் மனதில் எழுதிக்கொண்ட எண் அதைத் தோல்வியாகக் காட்டிவிடுகிறது. நான் பெரிய இலக்குகளைக் கண்டு அஞ்சுவது இதனால்தான். எட்ட முடியாத எண், நடந்த நல்லதையும் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

சிறிய இலக்கால் என்ன பயன் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. ஒரு குழுவுக்குக் கொடுத்த இலக்குகள் இரண்டே: எடையில் 7 சதவீதம் குறைய வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசைக்க வேண்டும். வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், இவர்களில் சர்க்கரை நோய் வந்தது 58 சதவீதம் குறைவு. சர்க்கரைக்கான மாத்திரை எடுத்த குழுவைவிடவும் இது நல்ல பலன்.

உடம்பை இப்படியே ஏற்றுக்கொண்டால் முயற்சி நின்றுவிடாதா?

நம்மில் பலர் திட்டினால்தான் திருந்துவோம் என்று நம்பி வளர்ந்தவர்கள். அதனால் இந்தப் பயம் இயல்பானது. ஆனால் நடப்பது நேர்மாறாக இருக்கிறது. உடம்பின் மேல் கோபத்தோடு தொடங்குகிறவர் முதல் வாரமே தன்னைத் தண்டிக்கிற அளவுக்குச் செய்வார். மறுநாள் படி இறங்க முடியாமல் தொடை வலிக்கும். கண்ணாடியில் மாற்றம் தெரியாது. "என் உடம்பு எதுக்கும் லாயக்கில்லை" என்று விட்டுவிடுவார். சில மாதம் கழித்து அதே கோபம், அதே முதல் வாரம். எடைக்காக அவமானப்பட்டவர்கள் அதிகமாகச் சாப்பிடுவதும், பிறர் பார்க்கப் பயிற்சி செய்யக் கூசுவதும், மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவதும் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. வெட்கம் யாரையும் நெடுநாள் நடக்க வைத்ததில்லை.

ஏற்றுக்கொள்வது என்று நான் சொல்வது, இருப்பதை உள்ளபடி பார்ப்பது. உயரம், எலும்புக் கட்டு, தோள் அகலம், இடுப்பெலும்பின் அமைப்பு, கொழுப்பு முதலில் எந்த இடத்தில் சேரும் என்பது ஆகியவை உங்கள் கையில் இல்லை. தசைப் பலம், மூச்சு தாங்கும் திறன், நிலைதடுமாறாமல் நிற்பது ஆகியவற்றைப் பெரும்பாலும் பயிற்சியால் மாற்றலாம். எடை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஓரளவு உங்கள் கையில். ஓரளவு மரபணு, மருந்து, ஹார்மோன், தூக்கம், வேலை நேரம் ஆகியவற்றின் கையில். இந்தப் பங்கீடு தெரிந்தவர்தான் தன் உழைப்பைப் பலன் தரும் இடத்தில் போடுவார்.

அப்புறம், உடம்பை நேசித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கண்ணாடி முன் நின்று "நான் அழகு" என்று மனதுக்கு ஒட்டாமல் சொல்லத் தேவையில்லை. மரியாதை போதும். பசித்தால் சாப்பாடு, களைத்தால் ஓய்வு, வலித்தால் கவனிப்பு, இன்றைய அளவுக்குப் பொருந்தும் துணி. பிடிக்காத உடம்புக்கும் இவ்வளவையும் செய்ய முடியும். செய்யச் செய்ய வெறுப்பும் பலருக்குத் தணிந்துவிடுகிறது.

எடையை விட்டால் வேறு எதை இலக்காக வைப்பது?

உடம்பால் எதைச் செய்ய முடிகிறது என்பதை வையுங்கள். மூன்று மாடி ஏறியும் பேச்சு தடைபடாமல் இருப்பது. தரையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுவது. முழங்கால் தரையில் படாமல் ஒரு முழு புஷ்-அப். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிடம் நடப்பது. நிற்காமல் 5 கிலோமீட்டர். இவற்றில் ஒரு நல்ல விஷயம், முடிந்ததா இல்லையா என்பதில் சந்தேகமே இருக்காது. இன்று 4 முறை செய்தீர்கள், போன மாதம் 2 முறைதான் முடிந்தது என்றால் அது முன்னேற்றம். வெளிச்சம், துணி, மனநிலை எதுவும் அதை மாற்றாது.

அந்த இலக்கை அடையத் தினமும் என்ன செய்வீர்கள் என்பது இன்னும் முக்கியம். "மூன்று மாதத்தில் 6 கிலோ" என்பது விளைவு. அதை நேரடியாகச் செய்ய யாராலும் முடியாது. "திங்கள், புதன், வெள்ளி காலை பல் தேய்த்ததும் 20 நிமிடம் நடப்பேன்" என்பது செயல். அதை இன்று மாலைக்குள் செய்தேன், செய்யவில்லை என்று சொல்லிவிட முடியும். எப்போது, எங்கே, எதைச் செய்த கையோடு என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்கிறவர்கள், வெறுமனே "இனிமேல் செய்வேன்" என்கிறவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து ஆராய்ந்துவரும் விஷயம் இது. தடைக்கும் ஒரு வழி யோசித்து வையுங்கள். மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே படி ஏறி இறங்குவேன். வேலை முடிய இருட்டிவிட்டால் 10 நிமிடம் மட்டும் செய்வேன்.

ஒரு சமயத்தில் ஓர் இலக்கு போதும் என்பது என் கருத்து. நடை, டயட், தூக்கம், சர்க்கரையை நிறுத்துவது என்று நான்கையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நான்கையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள்.

நான் எதுவுமே செய்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது?

இப்போது எவ்வளவு செய்கிறீர்களோ அங்கிருந்து. உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பையும், இரண்டு நாளாவது தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியையும் சொல்கிறது. கடுமையான உழைப்பு என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். மிதமானது என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

150 என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். கொஞ்சமும் செய்யாததைவிடக் கொஞ்சம் செய்வது மேல் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. முதல் சில வாரம் 10 நிமிட நடை, அப்புறம் 15. "இன்னும் கொஞ்சம் செய்யலாம்போல் இருக்கிறது" என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். மறுநாளும் வர அந்த மிச்சம்தான் உதவும். தசைக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துப் புஷ்-அப், தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, இவையே போதும். ஜிம் பிறகு வரலாம், வராமலும் இருக்கலாம்.

தினமும் 10,000 அடி நடந்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் அல்ல. வயதான பெண்களைப் பற்றி 2019-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. இன்று 3,000 நடக்கிறீர்களா? அடுத்த மாதம் 4,000 என்று வையுங்கள்.

பிஎம்ஐ பார்த்தால் 'அதிக எடை' என்று வருகிறது. எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

பிஎம்ஐ என்பது கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். அதன் அடிப்படைக் கணக்கை 1830-களில் உருவாக்கியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ப் கெட்லே. அவர் மருத்துவர் அல்ல. வானியலும் புள்ளியியலும் அவர் துறைகள். பெருங்கூட்டத்தில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியவர். 1972-ல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவும் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார்கள். ஆக, கூட்டத்தைப் பற்றிப் பேசப் பிறந்த கணக்கு இது. தனி ஒருவரிடம் வந்தால் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். முக்கியமாக ஆசிய உடல்வாகில் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதனால் ஆசியர்களுக்கு 25 வரை காத்திருக்காமல் 23-லிருந்தே கவனம் தேவை என்று 2004-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. என்னைக் கேட்டால், ஓர் அளவு நாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளியே விட்டதும் சுற்றளவு பாருங்கள். அது உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருந்தால் நல்லது. தெற்காசியர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் வரம்பு, ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இதோடு ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கவலைப்பட வேண்டுமா என்று தெரியும்.

தினமும் எடை பார்க்கலாமா?

பார்க்கலாம், அந்த எண் உங்கள் நாளைக் கெடுக்காது என்றால். ஒரே நாளில் ஒரு கிலோ, சில சமயம் இரண்டு கிலோகூட ஏறி இறங்குவது சாதாரணம். முந்தைய நாள் உப்பு கூடியிருக்கலாம். மாதவிடாய் நெருங்கியிருக்கலாம். மலச்சிக்கல் இருக்கலாம். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். புது டயட்டின் முதல் வாரத்தில் "3 கிலோ போச்சு" என்று மகிழ்வதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். எனவே வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். காலையில் எடை பார்த்த பிறகுதான் இன்று சந்தோஷமாக இருக்கலாமா என்று முடிவாகிறது என்றால், அந்தக் கருவியைக் கொஞ்ச நாள் அலமாரியில் வைத்துவிடுங்கள்.

தொப்பை மட்டும் குறைய என்ன செய்வது?

ஓரிடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்கும் பயிற்சி கிடையாது. 1971-ல் டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் அளந்து பார்த்தார்கள். விளையாடும் கையில் தசை கூடியிருந்தது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பின் தடிமன் இரண்டு கையிலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. வயிற்றுப் பயிற்சிகள் உள்தசைகளைப் பலமாக்கும், முதுகைத் தாங்கும், அதற்காகச் செய்யுங்கள். கொழுப்பு எங்கிருந்து முதலில் போகும் என்பதை உடம்பு முடிவு செய்யும்.

நானும் தோழியும் ஒரே சாப்பாடு, ஒரே பயிற்சி. அவளுக்குக் குறைகிறது, எனக்கு இல்லையே?

இந்தக் கேள்வியில் இருக்கும் வலி பெரியது, ஏனென்றால் கேட்கிறவர் ஏற்கெனவே தன் மேல்தான் தவறு என்று முடிவு செய்திருப்பார்.

கனடாவில் கிளாட் பூஷார் என்ற ஆய்வாளரின் குழு 12 ஜோடி ஒத்த இரட்டையர்களைக் கண்காணிப்பில் வைத்து, 100 நாட்களில் 84 நாள் தேவைக்கு மேல் 1,000 கலோரி சாப்பிட வைத்தது. முடிவு 1990-ல் வெளிவந்தது. எல்லோருக்கும் கூடுதலாகக் கிடைத்தது ஒரே அளவு. ஆனால் ஒருவருக்கு 4 கிலோ சொச்சம் ஏறியது, இன்னொருவருக்கு 13 கிலோவுக்கு மேல். ஒரே ஜோடி இரட்டையருக்கு ஏறிய எடை, மற்ற ஜோடிகளோடு ஒப்பிட்டால் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தது. கொழுப்பு சேர்ந்த இடங்களும் ஒத்துப்போயின. மன உறுதிக்கு இதில் வேலையே இல்லை, பிறவி அமைப்புதான் வேறு. பயிற்சியிலும் இதே கதைதான். நூற்றுக்கணக்கானவர்களுக்கு 20 வாரம் ஒரே மாதிரி சைக்கிள் பயிற்சி கொடுத்த ஒரு பெரிய ஆய்வில், சிலருக்கு மூச்சுத் திறன் ஏராளமாகக் கூடியது, சிலருக்குக் கிட்டத்தட்ட அசையவே இல்லை.

இதனால் சோர்ந்துவிட வேண்டாம். மூச்சுத் திறனோ எடையோ மாறாதவருக்கும் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ தூக்கமோ மேம்பட்டிருக்கும். பயிற்சியின் வகையை மாற்றினாலோ நேரத்தைக் கூட்டினாலோ பலன் தெரிவதும் உண்டு. தோழியோடு சேர்ந்து நடங்கள், அது அருமையான துணை. இருவர் எடையையும் மட்டும் ஒரே தாளில் எழுதாதீர்கள்.

முயற்சிக்குக் கொஞ்சமும் தொடர்பில்லாமல் எடை ஏறிக்கொண்டே போனால் தைராய்டு, பிசிஓஎஸ் (பெண்களின் சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு), ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் காரணமாக இருக்கலாம். பரிசோதித்துப் பாருங்கள்.

முதல் சில மாதம் நன்றாகக் குறைந்தது. இப்போது அப்படியே நின்றுவிட்டது.

நிற்கத்தான் செய்யும். "7,700 கலோரி குறைத்தால் ஒரு கிலோ குறையும்" என்ற கணக்கு 1958-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அது உடம்பு மாறாமல் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. எடை குறைந்தால் சிறிய உடம்புக்குச் செலவும் குறைவு. அதற்கு மேலும் உடம்பு சிக்கனம் பிடிக்கும், பசியைத் தூண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்த ஆய்வு 2016-ல் வந்தது. ஓய்வில் அவர்கள் உடம்பு செலவழித்த சக்தி, எதிர்பார்க்கும் அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. குறைத்த எடையில் பெரும்பகுதி பலருக்குத் திரும்ப வந்திருந்தது. 

பசியை அடக்க முடியவில்லை என்று வெட்கப்படுகிறவர்கள் மின்னசோட்டாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944-45-ல், உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துப் பொறுக்கிய 36 இளைஞர்களுக்கு 24 வாரம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு கொடுத்தார்கள். அதை நடத்தியவரும் மேலே சொன்ன ஆன்செல் கீஸ்தான். அவர்களுக்கு எப்போதும் குளிர், சோர்வு, எரிச்சல். நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைவு. சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கியவர்களும் உண்டு. திடமான மனதையும் பட்டினி அப்படித்தான் ஆக்கும்.

எடை நின்றுவிட்டால், இன்னும் சாப்பாட்டைக் குறைப்பது கடைசி வழியாக இருக்கட்டும். முதலில் சில வாரம் அதே எடையில் நிலைத்து நிற்பதையே இலக்காக வையுங்கள். குறைத்ததைத் தக்கவைப்பது குறைப்பதைவிடக் கடினம். அதை யாரும் கை தட்டிப் பாராட்டுவதில்லை, அவ்வளவுதான். தசைப் பயிற்சி இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கத்தைக் கவனியுங்கள். இடுப்பளவையும் பாருங்கள், எடை அசையாமல் அது குறைந்திருக்கலாம்.

நான் ஒல்லி. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு ஏறவில்லை. இந்தப் பேச்செல்லாம் எனக்கும் பொருந்துமா?

கண்டிப்பாகப் பொருந்தும். "காத்தடிச்சா பறந்துடுவ" என்ற கேலியும் கேலிதான். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் சட்டைக்குள் ஒளிந்துகொள்வதைப் பார்க்கிறேன். பயிற்சியின் முதல் வாரங்களில் பலம் கூடும், அளவு கூடாது. நரம்புகள் தசைகளை வேலை வாங்கப் பழகும் காலம் அது. அளவு தெரிய மாதங்கள் ஆகும். எடை தூக்கும் பயிற்சியோடு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும்; அதற்கு மேல் தசைக்குப் பெரிய பலன் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. காரணமே இல்லாமல் எடை குறைந்துகொண்டே போனால் பயிற்சியைப் பற்றி யோசிக்குமுன் பரிசோதனை செய்யுங்கள்.

போனில் பார்க்கும் உடம்புகளோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

ஒப்பிடுவது மனித இயல்பு. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைத்தான் மாற்ற முடியும். பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995-ல்தான் தொலைக்காட்சி வந்தது. பருத்த உடம்பை நல்ல உடம்பாக மதித்த சமூகம் அது. மூன்றே ஆண்டுகளில் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் சாப்பாட்டைப் பற்றிய கோளாறான மனப்போக்கு 13 சதவீதத்துக்கு அருகிலிருந்து 29 சதவீதமாக உயர்ந்தது. தொலைக்காட்சிக்கே அவ்வளவு என்றால் கையிலேயே இருக்கும் போனுக்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

மேடையில் நிற்கும் உடற்கட்டு வீரரின் தோற்றம் போட்டி நாளுக்காகவே வரவழைத்தது. வாரக்கணக்கில் கட்டுப்பாடு, கடைசி நாட்களில் தண்ணீரையும் உப்பையும் மாற்றுவது, சரியான வெளிச்சம். அவராலேயே அந்தத் தோற்றத்தில் வாழ முடியாது. பார்த்ததும் உங்களைச் சுருங்க வைக்கும் கணக்குகளைத் தயங்காமல் நீக்குங்கள். உங்கள் வயதில், உங்கள் உடல்வாகில் பயிற்சி செய்கிற யாரையாவது தேடிப் பின்தொடருங்கள்.

பார்க்கிறவர்கள் எல்லாம் "குண்டாயிட்டியே" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

சண்டை போடவும் வேண்டாம், சிரித்து மழுப்பவும் வேண்டாம். "என் உடம்பைப் பத்திப் பேசாம வேற ஏதாவது பேசலாமே" என்று ஒருமுறை அமைதியாகச் சொல்லிப் பாருங்கள். நெருங்கியவர்கள் என்றால் தனியாக உட்கார வைத்து, அந்த வார்த்தை எப்படி வலிக்கிறது என்று சொல்லுங்கள். அக்கறையில்தான் சொல்கிறோம் என்பார்கள். "அக்கறை இருந்தா கூட நடக்க வாங்க" என்று அழைத்துவிடுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு வேண்டுகோள். அவர்கள் காதுபட அவர்கள் எடையையோ உங்கள் எடையையோ குறை சொல்லிப் பேசாதீர்கள். அவர்களோடு விளையாடுங்கள், நடங்கள், ஒரே சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிடுங்கள். எடை பற்றிய கவலையை மருத்துவரிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

பிரசவத்துக்குப் பிறகு பழைய உடம்பு எப்போது வரும்?

அந்த உடம்பு ஓர் உயிரை வளர்த்துப் பெற்றிருக்கிறது. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே சுமார் 6 வாரம் ஆகும். வயிற்றுத் தசைகளின் நடுவில் விழுந்த இடைவெளி மூட மாதங்கள் ஆகலாம். சிக்கலில்லாத பிரசவம் என்றால் மெதுவான நடையைச் சில நாட்களிலேயே தொடங்கலாம். சிசேரியன் என்றால் மருத்துவர் சொன்ன பிறகு. இருமினாலோ குதித்தாலோ சிறுநீர் கசிந்தால் "குழந்தை பெத்தா அப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். அது இடுப்புத் தளத் தசைகளின் பலவீனம்; பிசியோதெரபிஸ்ட் சரியான பயிற்சி சொல்லிக்கொடுப்பார். சில மாற்றங்கள் நிரந்தரமாகவே இருந்துவிடும். அவற்றை யாரிடமும் நியாயப்படுத்தத் தேவையில்லை.

நடுவில் விட்டுப்போய்விட்டது. மறுபடி முதலிலிருந்தா?

இல்லை. 2009-ல் லண்டன் ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துப் பழக்கம் எப்படி உருவாகிறது என்று பார்த்தார்கள். '21 நாளில் பழகிவிடும்' என்று சொல்வார்களே, அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பழக்கமாக எடுத்த காலத்தின் நடு மதிப்பு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, மீதிப் பேருக்கு அதிகம். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. அதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு, ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது கெடவில்லை என்பதுதான். காய்ச்சல், பயணம், வீட்டில் கஷ்டம் எது வந்தாலும், திரும்பி வரும் நாளில் விட்டபோது செய்ததில் பாதியைச் செய்யுங்கள். தவறிய நாட்களை ஈடுகட்ட இரட்டிப்பாகச் செய்தால் காயம்தான் மிஞ்சும்.

இலக்கு ஆரோக்கியத்தைத் தாண்டிப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதை அவசரமாகக் கவனியுங்கள். ஒரு நாள் பயிற்சி தவறினால் தாங்க முடியாத குற்ற உணர்ச்சி. காயத்தோடும் காய்ச்சலோடும் செய்வது. சாப்பிட்டதற்குத் தண்டனையாக ஓடுவது. பிறர் முன் சாப்பிடத் தவிர்ப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது. மூன்று மாதம் மாதவிடாய் நின்றுபோவது. ஆண்களிடம், நல்ல தசை இருந்தும் "நான் சின்னதா இருக்கேன்" என்ற எண்ணம் நாள் முழுக்கத் துரத்துவது. உழைப்புக்குத் தேவையான சாப்பாடு இல்லாவிட்டால் எலும்பு, ஹார்மோன், இதயம், மனம் எல்லாம் பாதிக்கும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிபுணர்கள் 2014-ல் விளையாட்டு வீரர்களுக்கே எச்சரிக்கை விடுத்தார்கள். எந்த எடையில் இருப்பவருக்கும் இது வரலாம். மேலே சொன்னவற்றில் ஒன்று பொருந்தினாலும் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். இது கட்டுப்பாடு இல்லாததால் வருவதல்ல, சிகிச்சையால் குணமாகும் நோய்.

அறுபது வயதுக்கு மேல் புதிதாக இலக்கு வைத்து என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். 1990-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் கால் தசைகளுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. முப்பதைத் தாண்டியதிலிருந்து தசை மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது. அதைத் தடுக்கத் தசைப் பயிற்சியைவிட நல்ல வழி இல்லை. இந்த வயதில் எடைக்குறைப்பை முதல் இலக்காக வைக்க நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் கொழுப்போடு தசையும் எலும்பும் சேர்ந்து குறையும். விழாமல் நடப்பது, பை தூக்கிப் படி ஏறுவது, குளியலறையில் பிடிமானம் இல்லாமல் நிற்பது, இவற்றை வையுங்கள்.

சுவரை ஒட்டி உறுதியான நாற்காலி ஒன்றைப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 5 முறை உட்கார்ந்து எழுங்கள். முடியவில்லையென்றால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். வாரத்தில் மூன்று நாள் செய்யுங்கள். அது எளிதானதும் ஒரு முறை கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள்; எழும்போது வெளியே விடுங்கள். தலை சுற்றினாலோ மார்பில் இறுக்கம் வந்தாலோ உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.